யாருடைய பிள்ளைகள்?

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை, வாலிபர் ஞாயிறு முடிந்த அடுத்த வாரம், ஒரு கூட்டம் நடக்கும். ஆயர், சபைக் குழுவில் நாலைந்து பெரியவர்கள், வாலிபர் ஐக்கியத்தின் செயலர், பொருளாளர் எல்லோரும் உட்காருவோம். டீயும் பப்ஸும் வரும். பேசுகிற விஷயம் ஒன்றுதான்: "நம்ம பசங்க ஏன் சர்ச்சுக்கு வர்றதில்லை?"

அவிநாசி வட்டாரத்தில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. சபை அது. பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்தில் எந்தச் சபையிலும் இதே கூட்டம், இதே பப்ஸோடு நடந்துகொண்டுதான் இருக்கும். காரணங்களும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். செல்போன், டியூஷன், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், பெங்களூரு வேலை, கிடார் வைத்துப் பாடும் பக்கத்துத் தெரு ஜெபவீடு. பரிகாரங்களும் அப்படித்தான். ஒரு கிரிக்கெட் போட்டி, ஒரு ஏற்காடு ரிட்ரீட், புதிதாக ஒரு கீபோர்டு.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு நான் வாலிபர் ஐக்கியச் செயலராக இருந்தேன். இந்தக் கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். சபையில் பதினாறு முதல் முப்பது வயதுக்குள் நாற்பத்திரண்டு பேர், வாலிபர் கூட்டத்துக்குச் சராசரியாக வருவது ஆறு பேர் என்று வாசிப்பேன். பெரியவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. கூட்டலில் பிழை எதுவும் இல்லை. கடைசி பெஞ்சை நான் எண்ணவே இல்லை, அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, அருகிலிருந்த ஒரு நூற்பாலையின் வேன் வந்து வாசலில் நிற்கும். எட்டு, பத்துப் பெண்கள் இறங்குவார்கள். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். கூடவே விடுதி வார்டன் ஒருவர். இடது பக்கம் கடைசி இரண்டு பெஞ்சுகளில் உட்காருவார்கள். நற்கருணை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். வேன் 11 மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். எங்கள் வாலிபர் கூட்டம் பதினொன்றரைக்கு.

அது சுமங்கலித் திட்டம் இந்தப் பக்கம் கொடிகட்டிப் பறந்த காலம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துவருவார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக 30,000, 50,000 என்று ஒரு தொகை கிடைக்கும். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பதுதான் திட்டத்தின் பெயரிலேயே இருந்த ஆசை. இடையில் நின்றுபோனால் அந்தத் தொகை பெரும்பாலும் கைக்கு வராது. வெளியே போக, போன் பேச எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 'கேப்சர்டு பை காட்டன்' என்ற அறிக்கையை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. எங்களுக்கு அறிக்கை தேவைப்பட்டிருக்கக் கூடாது. அந்த வேன் எங்கள் வாசலில்தான் நின்றது.

அவர்களில் ஒரு பெண் நன்றாகப் பாடுவாள். நாசரேத் பக்கத்து ஊர். தலைமுறை தலைமுறையாக ஆங்கிலிக்கன் வழிபாட்டில் ஊறிய ஊர்கள் அவை. ஆராதனை முறைமை முழுவதும் அவளுக்கு மனப்பாடம், எங்கள் பசங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பக்கம் தேடுவதற்குள் அவள் மறுமொழியைச் சொல்லி முடித்திருப்பாள். ஒரு ஞாயிறு, வேனில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, வாலிபர் கூட்டம்னு அறிவிப்புல சொல்றாங்கள்லா, அதுக்கு நாங்களும் வரலாமா?"

நான் அவளிடம் கேட்டது இதுதான்: "நீங்க இந்தச் சபையில மெம்பரா?"

"இல்லண்ணே. எங்க ஊர்லதான் மெம்பரு."

"அப்படிங்களா," என்றேன். வார்டன் கூப்பிட்டார். அவள் வேனில் ஏறிக்கொண்டாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை.

அந்த வாரம் சபைக் குழுவில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். குற்ற உணர்ச்சியில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு சின்ன நிர்வாகப் பிரச்சினை போலத்தான் சொன்னேன். அவர் சொன்னார்: "தம்பி, அதுக மூணு வருசத்துல ஊருக்குப் போயிருமுங்க. நாளைக்கு இந்தச் சபையைத் தூக்கி நிறுத்தப் போறது நம்ம புள்ளைங்கதான். இருக்கற நேரத்தை அவங்களுக்குச் செலவு பண்ணுங்க."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஆலயத்தின் ஓட்டை மாற்றியவர், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியவர், சபையில் யார் இறந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. ஒரு சமூகம் என்றால் நீடித்து நிற்க வேண்டும். இன்று ஏற்றுகிற விளக்கை நாளைக்கு யாராவது துடைத்து வைக்க வேண்டுமே. எல்லோரும் வழிப்போக்கர்கள் என்றால் சபையே இல்லை, சத்திரம்தான் இருக்கும். பெற்ற பிள்ளைக்கு முதலில் சோறு போடுவதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள்.

இருந்தும் அவர் வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க, நான் வளர்ந்த ஊரின் கதை ஒன்றுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அவிநாசிக்காரர்களுக்கு எந்த மதமானாலும் முதலைக் கதை தெரியும். அவிநாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். ஐந்து வயதுப் பையன்கள் இரண்டு பேர் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, இன்னொருவன் பிழைத்து வீடு வந்தான். சில வருடங்கள் கழித்துச் சேர நாட்டுக்குப் போகிற வழியில் சுந்தரர் இந்த ஊர்த் தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. பிழைத்த பையனுக்கு அன்று பூணூல் கல்யாணம். அந்தச் சத்தம் கேட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அழுகிறது. விசாரித்துத் தெரிந்துகொண்ட சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் விடுகிறது. சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிற கதை இது. இன்றும் அவிநாசிக் கோயிலில் பங்குனியில் அதற்கு விழா உண்டு.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கதையில் முதலைதான் முக்கியம். இப்போது வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, சுந்தரர் இந்த ஊர்க்காரர் இல்லை. போகிற வழியில் நின்றவர். அந்தப் பிள்ளை அவருக்கு உறவும் இல்லை, அவன் திரும்பி வந்தால் அவருக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. மறுநாள் அவர் சேர நாட்டுப் பாதையில் இருப்பார். ஆனால் அந்தத் தெருவில் அழுகையைக் கேட்டு நின்றவர் அவர்தான். இரண்டாவது, பிள்ளை விழுங்கப்பட்ட வயதில் திரும்பி வரவில்லை. இடையில் போன வருடங்களின் வளர்ச்சியோடு வந்தான். அந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கிறிஸ்தவன் சைவக் கதையை எடுத்துப் பேசலாமா என்று யாராவது கேட்டால், எங்கள் முதல் பேராயரைக் காட்டுவேன். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950இல் கோயம்புத்தூர் பேராயத்தின் முதல் பேராயரானவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டைக்காரர். அவருடைய அப்பா சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், பக்தி இலக்கியமும் யோவானின் சுவிசேஷமும். 1927இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்க்கச் சொல்வது. எங்கள் பேராயத்துக்கு வந்த முதல் ஆயரே பக்திப் பாடல்களைப் படித்தவர் என்பது எனக்கு எப்போதும் சின்னப் பெருமை.

அந்தப் பேராயர் என்கிற பதவியில்தான் என் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோயம்புத்தூர்ப் பகுதியில் எங்கள் சபைகளின் வேர் லண்டன் மிஷனரி சங்கம். 1830இல் ஆடிஸ் என்ற மிஷனரி கோவைக்கு வந்ததிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. அந்த மரபில் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காலில் நிற்கும், தன் காரியத்தைத் தானே கூடி முடிவு செய்யும். ஆங்கிலிக்கன் மரபு அப்படி இல்லை. நாசரேத், பாளையங்கோட்டை பக்கமெல்லாம் அந்த வழி. 1947இல் இந்த மரபுகள் ஒரே சபையாக இணைந்தபோது எங்களுக்கும் பேராயர் வந்தார்.

பேராயர் எதற்கு? நிர்வாகத்துக்கு, சொத்துக்கு, இடமாற்றத்துக்கு என்று இன்றைக்கு நாம் நினைக்கலாம். ஆனால் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ பேராயரைப் பக்கத்தில் பார்க்கிற நாள் ஒன்று உண்டு. திடப்படுத்தல் ஆராதனை. வெள்ளை உடுத்தி, வரிசையாக முழங்கால் போட்டு, தலையில் அவர் கை படுகிற நாள். தினமும் பார்க்கிற உள்ளூர் ஆயர் இருக்கும்போது பேராயர் ஏன் வர வேண்டும்? அந்தப் பிள்ளை சேர்க்கப்படுவது உள்ளூர்ச் சபை என்கிற சங்கத்தில் மட்டும் இல்லை என்பதால். ஊர் எல்லைக்குள் அடங்காத ஒன்றுக்குள் அவளைக் கூட்டிப்போக, ஊர் எல்லையைத் தாண்டிய ஒருவர் வருகிறார்.

அப்படியென்றால் நாசரேத் பக்கத்தில் ஒரு பேராயர் தலையில் கைவைத்த பெண்ணிடம் அவிநாசிப் பக்கத்தில் நான் "மெம்பரா?" என்று கேட்டது வெறும் மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் சபை எதன் மேல் நிற்கிறதோ அதையே மறுத்த வார்த்தை. ஞானஸ்நானத்தின்போது குழந்தையை வளர்ப்பதில் பங்கெடுப்போம் என்று சபையார் எழுந்து நின்று வாக்குக் கொடுக்கிறோம். அவளுக்காக ஏதோ ஒரு ஊரில் ஒரு சபை எழுந்து நின்றிருக்கும். அந்த வாக்கை அவள் போகிற ஊரில் இருக்கிறவர்கள்தான் நிறைவேற்ற முடியும். நாங்கள் கொடுத்த வாக்கைப் பெங்களூரில் யாரோ நிறைவேற்றுவார்கள் என்றுதானே நாங்களும் நம்பிக்கொண்டிருக்கிறோம்?

வாலிபர் ஊழியம் என்று நாம் இன்று சொல்வது எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வருகிறோம். 1780இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளி தொடங்கினார். சபைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக இல்லை. வாரத்தில் ஆறு நாள் குண்டூசிப் பட்டறைகளில் வேலை செய்து, ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க. ஞாயிறு பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தது சபை இல்லை, பட்டறை. 1844 ஜூன் 6 அன்று லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு வயது 22. கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பையன். நகரத்துக்கு வந்து ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடையிலேயே தங்கி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் வேலை செய்த பையன்கள்தான் அந்த முதல் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர். ஊரை விட்டு வந்தவர்கள், ஜவுளி வேலை, விடுதி வாசம். திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் கொங்குப் பக்கமே இதற்குச் சாட்சி உண்டு. சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலர். நகரத்துப் படித்த இளைஞர்களின் சங்கமாக இருந்ததைக் கிராமத்துக் கடனாளிகளிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் கொண்டுபோனவர். வாலிபர் ஊழியம் என்றால் 'நம் பையன்களைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்வது' என்று அவர் நினைத்திருந்தால் வட்டிக்கடையில் சிக்கிய விவசாயியிடம் போயிருக்க மாட்டார்.

இங்கே என் பெரியவர் சார்பில் நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்தப் பிள்ளைகள் மேல் கூடுதல் அக்கறை வைப்பது தப்பா? தப்பில்லை. பக்கத்தில் இருப்பவர் மேல் பாசம் வருவது இயல்பு. ஆனால் அவர் சொன்ன காரணம் பாசம் இல்லை. "அதுக போயிருமுங்க" என்றார். நெருக்கம்தான் அளவுகோல் என்றால், பெங்களூரில் இருக்கிற பையனைவிட பத்தடி தூரத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவள்தான் நெருக்கம். அவர் பார்த்தது பயனை. நாளைக்குச் சபையைத் தூக்கி நிறுத்தப்போவது யார் என்பதை.

மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று தத்துவவாதி காண்ட் சொன்னார் என்பார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'வெறும்' என்கிற வார்த்தை. நாம் எல்லோரும் ஒருவருக்கொருவர் பயன்படுகிறோம், அதில் தப்பில்லை. எங்கள் பிள்ளைகள் நாளைக்குச் சபையை நடத்துவார்கள் என்று எதிர்பார்ப்பதும் தப்பில்லை. பிரச்சினை, அந்த எதிர்பார்ப்பை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்பது. நம் அன்பில் எது வெறும் கணக்கு, எது உண்மை என்று நமக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. எதிர்காலத்துக்கு எந்த விதத்திலும் பயன்படாத ஓர் இளம் ஆளை நம் முன்னால் நிறுத்த வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்த வேன் எங்களுக்கு அதைத்தான் செய்தது. நாங்கள் தேறவில்லை.

இதனால் நஷ்டப்பட்டது அந்தப் பெண்கள் மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று சொன்னவன் எங்கள் சபைப் பையன் ஒருவன். ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் சொன்னவன். பெங்களூரில் ஐ.டி. வேலை, அங்கே ஒரு வருடம் வேலையில்லாமல் தனியாகக் கிடந்து, மனசு உடைந்துபோய் வீட்டுக்கு வந்திருந்தான். வழக்கம்போல நான், "என்னப்பா, சர்ச்சுப் பக்கமே காணோம்? நீங்கெல்லாம் வரலைன்னா வாலிபர் ஐக்கியம் என்னாகறது?" என்றேன்.

"ணா, நான் வரலைன்னா ஐக்கியம் என்னாகும்னுதான் எப்பவும் கேக்கறீங்க. எனக்கு என்னாச்சுன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டமாதிரி இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்குத்தான் இரண்டு பிழையும் ஒன்றே என்று புரிந்தது. கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் 'உன்னால் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை' என்று சொன்னோம். எங்கள் பையனிடம் 'உன்னால் எங்களுக்கு ஆக வேண்டியது நிறைய இருக்கிறது' என்று சொன்னோம். இரண்டிலும் பேசுவது ஒரே கணக்குப் புத்தகம். வளரும் பிள்ளைகளுக்கு இந்த வாசனை சீக்கிரம் தெரிந்துவிடும். தன்னைத் தேடுகிறார்களா, தன் இடத்தை நிரப்ப ஆள் தேடுகிறார்களா என்று பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலைக் கதையின் இரண்டாவது விஷயம் இங்கேதான் வருகிறது. ஐந்து வயதில் போன பிள்ளை ஐந்து வயதிலேயே திரும்பியிருந்தால் தாய்க்கு அணைத்துக்கொள்வது சுலபம். வளர்ந்து வந்தவனை முகம் பார்த்துத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும். நாங்கள் திரும்பி வரச் சொல்வது பழைய பிள்ளையை. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கினவனை. வந்து நிற்பதோ இடையில் எங்களுக்குத் தெரியாத வருடங்களைச் சுமந்துகொண்டிருக்கிற ஒருவன். சாதி பார்த்துக் கல்லறையில் இடம் ஒதுக்குவது சரியா என்று கேட்பான். சபைத் தேர்தலில் ஏன் இவ்வளவு காசு புழங்குகிறது என்று கேட்பான். அவனைக் கண்டதும், 'இவன் நம்ம பையன் இல்லை' என்கிறோம்.

எங்கள் தாத்தாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஒரு மிஷன் பள்ளி. நிலமில்லாத, ஊருக்கு வெளியே குடியிருந்த குடும்பத்துப் பையன். அவனால் யாருக்கும் எந்த எதிர்காலமும் இருப்பதாக அன்றைக்கு யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அவர் வாத்தியார் ஆனார், அப்பா கிளார்க் ஆனார், நான் சபைக் குழுவில் உட்கார்ந்து பப்ஸ் சாப்பிடுகிறேன். 'நீ மெம்பரா?' என்று அவரை அந்தப் பள்ளித் திண்ணையில் யாராவது கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அந்த நாசரேத் பெண்ணை நான் பிறகு இரண்டு முறைதான் பார்த்தேன். அப்புறம் வேனில் அவள் வரவில்லை. மூன்று வருடம் முடிந்து போனாளா, இடையிலேயே போனாளா என்று விசாரிக்க எனக்குப் பெயர்கூடத் தெரியாது. சில வருடங்களில் வேனும் நின்றுபோனது.

இப்போது கடைசி பெஞ்சில் வேறு முகங்கள். ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஆதிவாசிக் கிறிஸ்தவப் பையன்கள். தமிழ் ஆராதனையில் ஒரு வார்த்தை புரியாமல், செல்போனில் இந்தி வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நாங்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காருகிறார்கள். போன வருடம் சபைக் குழுவில், வாலிபர் கூட்டத்தை ஆராதனைக்கு முன்னால் ஏழரை மணிக்கு மாற்றலாம், அவர்களையும் கூப்பிடலாம் என்றேன். மொழி தெரியாதே என்றார்கள். உள்ளூர்ப் பசங்க இன்னும் குறைந்துவிடுவார்கள் என்றார்கள். குறையலாம், அந்தப் பயம் எனக்கும் உண்டு. கடைசியில், "சரி, ரெண்டு மாசம் பாப்போமுங்க," என்றவர் அதே பெரியவர்தான். இப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அந்த ஞாயிறு டீயும் பப்ஸும் அவர் செலவு.

கூட்டம் பெரிதாக மாறிவிடவில்லை. எங்கள் பசங்கள் ஆறு பேர், அவர்கள் ஐந்து பேர். பாதி நேரம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குக் கிடார் தெரிந்திருந்தது.

முடிந்ததும் வாலிபர் ஐக்கியப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டேன். உச்சரிப்புச் சரியாக வரும்வரை இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லி எழுதினேன். எங்கள் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'குடும்ப எண்' என்று ஒரு கட்டம் உண்டு. சந்தா கணக்குக்கு அது வேண்டும். அதை மட்டும் நிரப்பாமல் விட்டேன். பொருளாளர் எட்டிப் பார்த்து, "இதுல என்னங்க போடறது?" என்றார்.

"இருக்கட்டுங்க," என்றேன்.